அண்ணாச்சி பெயர் முதலில்

மரியாதை தெரிந்த பிள்ளை என்று பெருமாள்ராஜைப் பற்றிச் சேரன்மகாதேவியில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அந்த மரியாதை அவனை எந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியது என்று கண்ணால் பார்த்தவர்கள் மட்டும், அறிவைக் கொஞ்சம் குறைத்தாலும் பரவாயில்லை, மரியாதையை இவ்வளவு கூட்டிக் கொடுத்துவிடாதே என்று ஆண்டவனிடம் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்கள்.

ராதாபுரத்துக்குத் தெற்கே, பனங்காட்டுக்கு நடுவே பிறந்தவன். ஊர் இசக்கியம்மன் கோவில் கொடைத் திருவிழாவுக்கு நோட்டீஸ் அடிக்கிற பொறுப்பு அவன் அப்பாவுக்கு. ஒரு வருஷம் மூன்றாவது வரியில் வர வேண்டிய பெயர் எப்படியோ ஐந்தாவது வரிக்கு இறங்கிவிட்டது. அவ்வளவுதான்! வில்லுப்பாட்டு பாதியில் நின்றது. அம்மனுக்குப் படைக்க வைத்த சோறு ஆறிப்போனது. அப்பா நடுக்கூட்டத்தில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். வேறு ஒரு பிள்ளையாக இருந்தால் அன்றைக்கு ரத்தம் கொதித்திருக்கும். ஒரு பெயர் இரண்டு வரி இறங்கியதற்கு ஒரு மனிதனின் முதுகு வளைய வேண்டுமா என்று நெஞ்சு வெடித்திருக்கும். பெருமாள்ராஜுக்கு எதுவும் வெடிக்கவில்லை. பெரியவர்கள் பெயரை முதலில் போட்டுவிட்டால் வம்பே இல்லை என்பதை மட்டும் பத்திரமாக மனதில் முடிந்துகொண்டான்.

அந்த முடிச்சோடு இஞ்சினியரிங் முடித்தான். சேரன்மகாதேவியில் பூதலிங்கம் அண்ணாச்சியின் சிறிய சாஃப்ட்வேர் கம்பெனியில் சேர்ந்தான். அரிசி ஆலைகளின் எடைமேடைக்குப் புரோகிராம் எழுதிக் கொடுக்கிற கம்பெனி அது. நெல் வண்டி மேடையில் ஏறினால் எடை திரையில் தெரிய வேண்டும், சீட்டு அச்சாகி வர வேண்டும். அதில் எடையைக் கணக்கிடுகிற பகுதியை மட்டும் பூதலிங்கம் தம் இளம் வயதில் தம் கையாலேயே எழுதியிருந்தார். மற்றப் புரோகிராம்கள் எடுத்துப் பயன்படுத்துகிற மாதிரி அதை ஒரு லைப்ரரியாகக் கட்டி, அதற்குத் தம் பெயரையே வைத்தும் விட்டார். அதற்குப் பிறகு அவர் ஒரு வரிகூட எழுதியதில்லை. பெயர்தான் வைத்தாயிற்றே, இனி எழுத என்ன இருக்கிறது?

கம்ப்யூட்டரை இயக்குகிற லினக்ஸில் புரோகிராம் எழுதுகிறவர்கள் இரண்டு பேரைத் தாண்டித்தான் வெளியே வர வேண்டும். ஒருவர் கம்பைலர். எழுதியதைப் படித்து, பிழை பார்த்து, கம்ப்யூட்டருக்குப் புரிகிற துண்டுகளாக மாற்றித் தருபவர். அடுத்தவர் லிங்கர். அந்தத் துண்டுகளையும் வேண்டிய லைப்ரரிகளையும் கோத்து, ஓடக்கூடிய முழுப் புரோகிராமாக ஆக்குபவர். எதை எதோடு கோக்க வேண்டும் என்று ஒரே வரியில் வரிசையாகப் பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த வரியில் பெருமாள்ராஜ் யார் பெயரை முதலில் போட்டிருப்பான் என்று சொல்லவும் வேண்டுமா? அண்ணாச்சி லைப்ரரி முதலில். மற்றதெல்லாம் பின்னால், கைகட்டிக்கொண்டு.

ராதாபுரத்தில் கம்பெனிக்கு ஒரு கிளை திறக்கப்போவதாகப் பேச்சு வந்தது. கிளை மேலாளர் நாற்காலி பெருமாள்ராஜுக்குக் கிடைத்தால்தான் பெண் தருவேன் என்று, அவனுக்குப் பேசி வைத்திருந்த சுகன்யாவின் அப்பா சொல்லிவிட்டார். சுகன்யா என்ன சொன்னாள் என்று யாரும் கேட்கவில்லை. கல்யாணப் பத்திரிகை அச்சகத்தில் காத்துக்கிடந்தது. பெருமாள்ராஜின் பெயருக்குக் கீழே ஒரு வரி மட்டும் காலி. அந்தக் காலி வரிக்காக அவன் எதையும் செய்யத் தயாராக இருந்தான், வேலையைத் தவிர.

ஆற்றங்கரையோரம் ஞானம்பாள் அம்மாள் புதிதாக ஓர் அரிசி ஆலை கட்டியிருந்தார். பிசானப் பருவ நெல் அறுவடைக்கு எடைமேடை திறப்பு. புதுக் கம்ப்யூட்டர், புது லினக்ஸ். "இது ஓடட்டும்லே, ராதாபுரம் ஒனக்குத்தான்" என்று பூதலிங்கம் வாய் திறந்து சொல்லிவிட்டார்.

ஓடவில்லை. கம்பைலர் ஒரு குறையும் சொல்லவில்லை. லிங்கர்தான் மறுத்தது. 'அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ்' என்று தொடங்கி வரி வரியாகக் கொட்டியது. எடை பார்க்கும் வேலையைக் கேட்கிறாய், அதைச் செய்கிற ஆள் எங்கே என்பது அதன் அர்த்தம். பெருமாள்ராஜ் பெரிய வைத்தியனைப் போல மருத்துவத்தில் இறங்கினான். லினக்ஸை அழித்து மறுபடி ஏற்றினான். அண்ணாச்சி லைப்ரரியைத் தனக்குத் தெரிந்த எல்லா ஃபோல்டரிலும் ஒவ்வொரு பிரதி போட்டு வைத்தான், லிங்கருக்குக் கண் மங்கிவிட்டது போல. எல்லா ஃபைலுக்கும் எல்லா அனுமதியும் கொடுத்தான். கேபிளைப் பிடுங்கி மாற்றினான். கடைசியில் குங்குமம் தடவிய எலுமிச்சம்பழம் ஒன்றை மானிட்டர் மேல் வைத்தான். அது உருண்டு கீபோர்டில் விழுந்ததுதான் மிச்சம்.

பக்கத்து மேஜையில் டெல்பின். கூடங்குளம் பக்கத்துக் கடற்கரைப் பெண். அப்பாவுக்கு மீன்பிடி வள்ளத்தில் வேலை. கம்பெனியில் அவனுக்கு இரண்டு வருஷம் பின்னால் வந்தவள், வாயில் மட்டும் பத்து வருஷம் முன்னால் போய்க்கொண்டிருப்பவள்.

"அண்ணே, மேல என்ன போட்டிருக்குன்னு வாசிச்சியளா?" என்றாள்.

"கடைசி வரில தெளிவா சொல்லுதே, லிங்கர் தோத்துட்டுன்னு. பொறவு மேல என்ன?"

"ஆளு செத்துட்டாம்னு கடைசி வரி சொல்லுது. எதுல செத்தாம்னு மேலதான கெடக்கு! தள்ளுங்க."

அவள் லைப்ரரிக்குள் தேடிப் பார்த்தாள். எடை பார்க்கும் ஃபங்ஷன் உள்ளே பத்திரமாக இருந்தது. பிறகு அவன் எழுதிய வரியைப் பார்த்தாள். சிரித்தாள்.

"அண்ணாச்சிய ஏன் முன்னால நிறுத்தி வச்சிருக்கிய? லிங்கர் இந்தப் பக்கம் இருந்து அந்தப் பக்கம் ஒரு தடவதான் வாசிச்சிட்டுப் போவும். முதல்ல அண்ணாச்சி லைப்ரரி வருது. இவர யாரும் கேட்டியளான்னு பாக்கும். அதுவரைக்கும் ஒருத்தரும் கேக்கல. சரி, வேண்டாம்னு விட்டுட்டுப் போயிரும். அதுக்குப் பொறவுதான் நம்ம புரோகிராம் வந்து, எடை பாக்க ஆள் வேணும்னு கேக்கு. கேக்கவன் முன்ன வரணும், குடுக்கவரு பின்ன வரணும்."

"மத்த மில்லுல எல்லாம் இதே வரிதான ஓடுது?"

"அது பழைய லினக்ஸ். வேண்டியது வேண்டாதது எல்லாத்தையும் சேத்துக் கட்டிரும். இது கேட்டாத்தான் எடுக்கும்."

"பந்தியில கூட பெரியவங்கதாம் பிள்ள முதல்ல உக்காருவாங்க!"

"உக்காரட்டும். எலை போடுததுக்கு முந்தி சோத்தத் தட்டுனா எங்கன விழும்?"

பெருமாள்ராஜின் முகம் வெளுத்தது. அண்ணாச்சியைக் கடைசியிலா? அப்பாவின் இடுப்பில் கட்டிய துண்டு அவன் கண்முன் வந்து ஆடியது. "நான் செத்தாலும் அது மட்டும் மாட்டேன்" என்றான். புரோகிராம் செத்துக் கிடப்பது அவனுக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

திறப்பு நாள் காலை. ஈர நெல்லோடு டிராக்டர்கள் ஆலை வாசலிலிருந்து வாய்க்கால் பாலம் வரை நின்றன. பொதிகை மலைப் பக்கம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. பூதலிங்கம் பட்டு வேட்டியில், பட்டனை அமுக்க விரலை நீட்டிக்கொண்டே காரிலிருந்து இறங்கினார். பெருமாள்ராஜ் சின்ன அறைக்குள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான். ஆம், அழுதான்! ராதாபுரம் போகிறதே, பத்திரிகையின் காலி வரி போகிறதே என்று தேம்பினான். அந்தக் கண்ணீரில் ஒரு சொட்டாவது வெளியே நனையப்போகிற நெல்லுக்காக விழுந்ததா? இல்லை.

டெல்பினுக்கு அவன் மேல் இரக்கம் வரவில்லை. டிராக்டர்காரர்கள் மேல்தான் வந்தது. அவனை எழுப்பிவிட்டு உட்கார்ந்தாள். அண்ணாச்சி பெயரை எடுத்துக் கடைசியில் போட்டாள். லிங்கர் ஒரு வார்த்தை பேசவில்லை. முதல் டிராக்டர் மேடையில் ஏறியது. எடை திரையில் வந்தது. வெளியே கைதட்டல்.

பூதலிங்கம் உள்ளே வந்தார். கோத்த வரியில் தம் பெயரைத் திரையில் பார்த்துக் கண் குளிர்வது அவர் வழக்கம். குனிந்து தேடினார்.

"ஏலே பெருமாளு, என் பேரு எங்கலே?"

"கடைசில இருக்கு அண்ணாச்சி..."

"கடைசிலயா? செருப்பு விடுத எடத்துல கொண்டு போட்டிருக்க?"

பெருமாள்ராஜ் டெல்பினைக் கைகாட்டினான். "இவதான் அண்ணாச்சி! இந்தா மாத்திருதேன்!" என்று பாய்ந்தான். டெல்பின் தடுப்பதற்குள், ஓடிக்கொண்டிருந்த புரோகிராமை நிறுத்தி அழித்தான். பெயரைத் தூக்கி முதலில் வைத்து, மறுபடி கோக்கச் சொன்னான். அன்டிஃபைன்ட் ரெஃபரன்ஸ். மேடையில் இரண்டாவது டிராக்டர். திரையில் ஒன்றுமில்லை.

ஞானம்பாள் அம்மாள் வாசலில் வந்து நின்றார். "என்ன வே பூதலிங்கம், எடை பாக்க வந்தியளா, பேரு பாக்க வந்தியளா? மழ வருது. என் நெல்லு மேடையிலயே மொளச்சிரும் போலுக்கு!"

பூதலிங்கத்தின் முகம் சுண்டியது. இவ்வளவு நேரம் அண்ணாச்சி, அண்ணாச்சி என்று உருகியவன் சுவரோடு ஒண்டிக்கொண்டான். டெல்பின் இரண்டு பேரையும் பார்த்தாள். அதே வரியின் கடைசியில் அதே பெயரை இன்னொரு தடவை அடித்தாள். லிங்கர் முதல் பெயரை எப்போதும் போலத் தள்ளிவிட்டுப் போனது, கடைசிப் பெயரை எடுத்துக்கொண்டது. எடை வந்தது.

"முன்னால ஒண்ணு மரியாதைக்கு, அண்ணாச்சி. பின்னால ஒண்ணு சோலிக்கு."

"ரெண்டு எடத்துலயா?" பூதலிங்கத்தின் முகம் தேங்காய்ப்பூப்போல மலர்ந்தது. அவள் என்ன சொன்னாள் என்று அவர் காதில் விழவே இல்லை. "பெருமாளு, இதுல்லாலே மரியாத!"

பெருமாள்ராஜ் கூசவில்லை. கும்பிட்டான்.

அன்று மாலையே கிளை முடிவாகிவிட்டது. பெருமாள்ராஜ் மேலாளர், டெல்பின் அவனுக்குத் துணை. "நீ முன்னால நில்லுலே, இந்தப் பிள்ள பின்னால இருந்து பாத்துக்கிடும்" என்றார் பூதலிங்கம்.

"எனக்கு இங்கனயே சோலி கெடக்கு அண்ணாச்சி" என்றாள் டெல்பின். "அவுக முன்னால நல்லாத்தான் நிப்பாக. பின்னால நிக்க வேற ஆள் பாருங்க."

அடுத்த வாரம் கல்யாணப் பத்திரிகை அவள் மேஜைக்கு வந்தது. காலி வரி நிரம்பியிருந்தது: கிளை மேலாளர், ராதாபுரம். உச்சியில், பிள்ளையார் படத்துக்கு அடுத்தபடியாக, பூதலிங்கம் அவர்களின் பெயர். அடியில், 'தங்கள் நல்வரவை நாடும்' என்பதற்குக் கீழே, மறுபடியும் பூதலிங்கம் அவர்களின் பெயர். பெண்ணின் அப்பா நடுவில் எங்கேயோ சின்ன எழுத்தில் கிடந்தார். லிங்கரிடமிருந்து ஒரு மனிதன் கற்றுக்கொண்டது அவ்வளவுதான்.

அவள் பத்திரிகையை மடித்து வைப்பதற்குள் போன் அடித்தது. ராதாபுரம்.

"டெல்பின், இங்கன ஒரு மில்லுல லிங்கர் வரி வரியாக் கொட்டுதும்மா. அண்ணாச்சி பேர முன்னாலயும் போட்டுட்டேன், பின்னாலயும் போட்டுட்டேன். இப்பம் நடுவுலயும் ஒண்ணு போட்டுப் பாக்கட்டா?"

"மேல என்ன போட்டிருக்குன்னு வாசிச்சியளாண்ணே?"

அந்தப் பக்கத்தில் கீபோர்டு தட்டுகிற சத்தம் கேட்டது, சரியாக அண்ணாச்சி பெயரின் நீளத்துக்கு. பின்னால் பனங்காற்று இரைந்துகொண்டிருந்தது.