கிணற்றோரப் பக்கூலா

ருமானி என்ற ஊருக்குத் தெற்கே கரிசல் வயல்களில் களை எடுக்கப் பெண்கள் வரிசை பிடித்து உட்கார்ந்தால், முதல் இடம் மஹ்ஜூபாவுக்குத்தான். வயது ஐம்பத்தெட்டு. கொண்டைக்கடலைக்குள் முளைக்கும் அகல இலைக் களைக்கு மருந்தடிக்க அங்கே யாரும் துணிவதில்லை. களையோடு கடலையும் கருகிவிடும். கைதான் மருந்து.

களைகளிலே பக்கூலா பிடிவாதம் பிடித்தது. மேலே வட்ட இலையோடு அப்பாவிபோல நிற்கும். கீழே ஒரு முழத்துக்கு ஆணிவேர். மழைக்கு மறுநாள், களைக்கொத்தை வேரோரம் சரித்து இறக்கி நேராகத் தூக்க வேண்டும். கோணலாக இழுத்தால் கழுத்தில் அறுந்து, மூன்று வாரத்தில் மறுபடி தழைக்கும். வேரை அறுத்தவள் எழுந்துபோய் எல்லோருக்கும் தேநீர் போட வேண்டும் என்பது அந்தப் பெண்களின் வழக்கம். முப்பது வருடத்தில் மஹ்ஜூபா தேநீர் போட்டதே இல்லை.

அப்படிப்பட்டவளின் வயலில், கிணற்றோரம் பத்தடிக்குப் பக்கூலா முழங்கால் உயரம் நின்றது.

அது மகள் நஜாத்துக்காக. ஸ்ட்ராபெர்ரி பறிக்க ஒரு பருவத்துக்கென்று ஸ்பெயின் போனவள்; போய் நான்கு வருடமாகிவிட்டது. தங்குவதற்கான காகிதம் கைக்கு வந்தால்தான் ஊருக்கு வந்து திரும்ப முடியும்.

"பிப்ரவரிக்குள்ள வந்துடுவேன் யம்மா. வந்ததும் பக்கூலாக் கீரை சமைச்சுத் தரணும், ஆலிவும் எலுமிச்சை ஊறுகாயும் போட்டு. சந்தையில வாங்காதே. நம்ம கிணத்தோரத்துதுதான் வேணும்" என்று போனில் சொல்லியிருந்தாள்.

வயலில் பாதி, இறந்துபோன கணவனின் தம்பி பூஅஸ்ஸாவுடையது.

"அண்ணி, ஊர்க் களையெல்லாம் பிடுங்கிட்டு, வீட்டுக் களைக்குத் தண்ணி ஊத்துறீங்களே!"

"நான் எங்க ஊத்துனேன்? மழை ஊத்துது."

"ஒரு வருஷம் விதை விழுந்தா பத்து வருஷம் குனியணும்."

"நீ எப்பப்பா குனிஞ்சே?"

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரி, பூக்குற வரைக்கும் பொறுக்குறேன். காய் பிடிச்சா நானே உழுதுடுவேன்."

அதனால் அவள் தினமும் காலையில் போய் மொட்டுகளைக் கிள்ளினாள். பிப்ரவரி போனது. மார்ச்சில், அவள் விரலுக்குத் தப்பிய ஊதாப் பூக்கள் இலைக்கடியில் விரிந்தன. அந்த வாரம் போன் வந்தது.

"காகிதம் வரலை யம்மா. அடுத்த வருஷம்னு வக்கீல் சொல்றார்."

"சரிம்மா."

"பக்கூலா இருக்கா? முத்தியிருக்குமே?"

"இல்லல்ல, தளிராத்தான் இருக்கு" என்று பொய் சொன்னாள்.

மழை பெய்த மறுநாள் அவளே பெண்களைக் கிணற்றோரத்துக்குக் கூட்டிப்போனாள். ஒவ்வொரு செடியையும் வேரோடு தூக்கி மண்ணை உதறி வைத்தாள். மூலையில் கடைசிச் செடி. களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு, வெறுங்கையால் பிடித்துக் கோணலாக இழுத்தாள். சட்டென்று அறுந்தது.

"ஏ, இங்க பாருங்கடி! மஹ்ஜூபா வேரை அறுத்துட்டா!" என்று பக்கத்தில் களை எடுத்த தாமு என்பவள் கத்தினாள். "எழுந்திரு தாயே, முப்பது வருஷ பாக்கி. புதினா நிறையப் போடு!"

வரப்பில் நின்ற பூஅஸ்ஸா எட்டிப் பார்த்தான். "அடிவேர் உள்ளயே கிடக்கே அண்ணி. தோண்டலையா?"

"தேநீர் போட்டுட்டு வந்து பாக்குறேன்."

குதிகாலால் மண்ணைத் தள்ளி அந்த இடத்தை மூடிவிட்டு, அடுப்பு மூட்டப் போனாள். எல்லோரும் இரண்டு தம்ளர் குடித்தார்கள். திரும்பி வந்தவள் கிணற்றோரம் போகவில்லை. கடலையின் அடுத்த வரிசையில், முதல் இடத்தில் உட்கார்ந்தாள்.