ஆங்கிலம் தெரியாமல் போன ஐந்து நிமிடங்கள்

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், ஒரு கோடைகாலச் சனிக்கிழமை பிற்பகலில், ரொறன்ரோ நகர மையத்தில் நடந்தது இது. வெக்ஸ்போர்ட் பகுதியில் என்னோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருந்த தோழியுடன் சப்பாத்து வாங்கப் போயிருந்தேன். ஒரு கடையின் கண்ணாடிக் கதவருகே தென்னமெரிக்காவின் அந்தீஸ் மலைநாட்டவர் இருவர், மூங்கில் குழாய்களை வரிசையாகச் சேர்த்துக் கட்டிய குழல்களை வாசித்துக்கொண்டிருந்தனர். ஒருவர் ஒரு சுரம் ஊத, அடுத்ததை மற்றவர் ஊதினார். ஏன் இப்படி மாறி மாறி என்று மூத்தவரிடம் ஆங்கிலத்தில் கேட்டேன். பாதிச் சுரங்கள் தன் குழலிலும் மீதி தம்பியின் குழலிலும் இருப்பதாகப் பொறுமையாக விளக்கினார்.

அப்போது கடைக்குச் சரக்கு இறக்கிவிட்டு வெளியே வந்த ஒருவரின் தள்ளுவண்டி கதவில் இடித்தது. கண்ணாடி நெடுக வெடித்தது. அந்த மனிதர் திரும்பிப் பாராமல் தன் வான் வண்டியில் ஏறிப் போய்விட்டார். ஓடிவந்த கடைக்காரர் கண்ணில் பட்டதோ கதவோரம் இசைஞர்கள் வைத்திருந்த பெரிய முரசுதான். அதுதான் கதவை உடைத்தது என்று, தெருமுனையில் நின்ற பொலிஸ்காரரை அழைத்துவிட்டார்.

நடந்ததை இந்தப் பெண் பார்த்தார் என்று மூத்தவர் பொலிஸ்காரரிடம் என்னைக் காட்டினார். தோழி என் முழங்கையைக் கிள்ளினாள்.

"அக்கா, வாயைத் திறக்காதேங்கோ. பேர், அட்ரஸ் எல்லாம் எழுதுவினம். அடுத்த மாசம் உங்கட அகதிக் கேஸ் எல்லே!"

"நோ இங்கிலிஷ்" என்றேன். யாழ்ப்பாணத்தில் பதினொரு வருடம் ஆங்கிலம் கற்பித்தவள் நான்.

மூத்த இசைஞர் என்னைப் பார்த்தார். ஒரு வார்த்தையில் என் பொய்யை உடைத்திருக்கலாம். மாறாக, தான் ஆள் மாறிச் சொல்லிவிட்டதாகப் பொலிஸ்காரரிடம் கூறினார்.

அங்கிருந்து நழுவி, நிலத்தடி ரயிலுக்கான சப்வே படிகளில் இறங்கும்போது தோழி சிரித்தாள். "நோ இங்கிலிஷ் எண்டு என்ன வடிவாச் சொன்னியள்! உச்சரிப்புக்கூடப் பிழைக்கேல்லை, ரீச்சர்."

நான் திரும்பிப் படியேறினேன். "உங்களுக்கென்ன விசரே?" என்று அவள் பின்னால் கத்தியது கேட்டது.

மேலே பொலிஸ்காரர் மூத்த இசைஞரின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார். கண்டதை முழுவதும் ஆங்கிலத்தில் சொன்னேன். ஐந்து நிமிடத்தில் மொழி வந்துவிட்டதா என்று அவர் கேட்டார். மொழி முன்பே இருந்தது என்றேன். பெயரும் முகவரியும் கேட்டார். கொடுத்தேன். சரக்கு வந்ததைக் கடைக்காரரும் ஒப்புக்கொள்ள, விஷயம் அத்துடன் முடிந்தது. என் வழக்குக்கும் அதனால் ஒரு கேடும் வரவில்லை.

இசைஞர் நன்றி சொல்லவில்லை. அகதி விசாரணைக்குக் காத்திருக்கிறீர்களா என்று மட்டும் கேட்டார். தலையசைத்தேன். தானும்தான் என்றார்.

அன்று நான் திரும்பிப் போனதை இன்றும் சிலர் மெச்சுகிறார்கள். நான் திரும்பி வருவேன் என்று தெரியாமலேயே, தனக்கும் அதே பயம் இருக்க, அவர் என்னைப் போகவிட்டார் என்பதைத்தான் நான் நினைத்துக்கொள்கிறேன்.