பூட்டம்மாவின் கையெழுத்து நோட்டு

சர்வர் அறையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது மாப் குச்சியில் சிக்கி ஒரு ஒயர் பிடுங்கிக்கொண்டது. உள்ளே ஓடிக்கொண்டிருந்த விசிறிச் சத்தம் சட்டென்று நின்றது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஆஸ்பத்திரியின் வெப்சைட் திறக்கவில்லை என்று மாடிக்கு மாடி போன் அடித்தது. சர்வரைப் பார்த்துக்கொள்ளும் பூட்டம்மா வந்தார். தரையில் மண்டியிட்டு ஒயரைச் சொருகினார். என் முகத்தை ஒரு தடவை பார்த்தார். வாசலில் கூடி நின்றவர்களிடம், "நான்தான் ஒரு வேலையா நிறுத்தினேன். போங்க, இப்ப வந்துடும்" என்றார். தன் நோட்டிலும் ‘ஒயர் தளர்ந்தது, என் கவனக்குறைவு’ என்று எழுதிக்கொண்டார்.

நான் காண்ட்ராக்ட் ஆள். உண்மை தெரிந்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். அதைப் பற்றி அவர் அப்புறம் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து என் பிள்ளைகளுக்கு வேண்டிக்கொள்ளும்போது அவரையும் சேர்த்துக்கொள்வேன்.

பூட்டம்மா என்ற பெயரை வைத்தவர் மேனேஜர். கேலிக்கு வைத்தது. எந்த ஃபோல்டரை யார் கேட்டாலும் உடனே திறந்துகொடுக்க மாட்டார் என்று எரிச்சல். அந்த அம்மா கோபித்துக்கொள்ளவில்லை. "எங்க அப்பா முப்பது வருஷம் வாட்ச்மேன். இன்னைக்கும் நான் வீட்டுக்குள்ள கால் வைக்கிறதுக்கு முன்னாடி ‘பூட்டிட்டியா’ன்னுதான் கேப்பார். நல்ல பேருதான் வெச்சிருக்காங்க" என்று சிரித்தார். கல்யாணம் ஆகவில்லை. கண் மங்கிய அப்பாவும் அவரும் மட்டும்தான். நாற்பதைத் தாண்டிய வயது. மதியம் எனக்கும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுச் சாப்பிட உட்காரச் சொல்லும் ஆள், அந்த மாடியிலேயே அவர் ஒருவர்தான்.

அப்படிச் சாப்பிடும்போதுதான் ஒருநாள் அவர் வேலை என்ன என்று கேட்டேன். "ஒவ்வொரு ஃபோல்டர் மேலயும் மூணு நம்பர் இருக்கும்க்கா. முதல் நம்பர் வீட்டுக்காரருக்கு. ரெண்டாவது வீட்டு ஆளுங்களுக்கு. மூணாவது ஊருக்கு. படிக்க நாலு, எழுத ரெண்டு, உள்ள நுழைய ஒண்ணு."

"எல்லாம் சேத்தா ஏழு" என்றேன். அந்தக் கூட்டல் எனக்கு வரும்.

"அவ்வளவுதான். ஏழு போட்டா எல்லாமே செய்யலாம், சைபர்னா ஒண்ணும் முடியாது. நோயாளிங்க ரிப்போர்ட் இருக்கிற ஃபோல்டருக்கு ஊர் நம்பர் சைபர். நோயாளி தன் நம்பரும் ரகசிய எண்ணும் கொடுத்தா, சர்வரே உள்ள போய் அவங்க காகிதத்தை மட்டும் எடுத்து வந்து காட்டும். பக்கத்துல இருக்கிறது கண்ணுல படாது."

எதையாவது திறக்க வேண்டுமென்றால் அந்த நோட்டில் எழுத வேண்டும். எந்த ஃபோல்டர், எதற்காக, எத்தனை நாளைக்கு. கீழே கையெழுத்து. பெரிய டாக்டரே போட்டிருக்கிறார். மேனேஜர் மட்டும் போடமாட்டார்.

வெப்சைட்டுக்காக மேனேஜர் ஒரு விளம்பரக் கம்பெனியைப் பிடித்து வந்திருந்தார். அவர்கள் படம் ஏற்றப் பார்த்தால் சர்வர் விடவில்லை. நான் மேஜை துடைத்துக்கொண்டிருக்கிறேன், சத்தம் கூரையைத் தொட்டது.

"ஏம்மா, எல்லாத்துக்கும் மூணு ஏழு போட்டு விட்டா வேலை முடிஞ்சுது!"

"படத்துக்குத் தனி ஃபோல்டர் போட்டுட்டேன் சார். அதுல எத்தனை வேணா ஏத்தட்டும். மொத்தத்தையும் திறக்கணும்னா நோட்டுல ஒரு கையெழுத்து போடுங்க."

"நான் மேனேஜரா, நீ மேனேஜரா?"

"நீங்கதான் சார். அதான் கையெழுத்து கேக்கறேன்."

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பை மேனேஜர் மறக்கவில்லை.

அடுத்த வாரம் அப்பாவின் கண் ஆபரேஷனுக்காகப் பூட்டம்மா இரண்டு நாள் லீவு எடுத்தார். அவசரத்துக்கு என்று சர்வர் பாஸ்வேர்டை ஓர் உறையில் வைத்து, ஒட்டி, குறுக்கே தன் கையெழுத்தைப் போட்டு மேனேஜரிடம் கொடுத்துவிட்டுத்தான் போனார். மறுநாள் காலை மேனேஜர் அறைக் குப்பைக்கூடையில் அந்த உறை இரண்டாகக் கிழிந்து கிடந்தது. கையெழுத்தும் இரண்டாகக் கிழிந்திருந்தது. என்ன அவசரமோ என்று நினைத்து, என் கையாலேயே கொட்டிவிட்டேன்.

மேனேஜர் கொடுத்த பாஸ்வேர்டை வைத்து விளம்பரக்காரன் மேலிருந்து கீழ்வரை எல்லா ஃபோல்டருக்கும் மூணு ஏழு போட்டிருக்கிறான். ஃபோல்டருக்குள் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியலை வெளியே காட்டாதே என்று பூட்டம்மா எழுதி வைத்திருந்த வரியையும் எடுத்துவிட்டிருக்கிறான். இரண்டு நாள், நானூறு பேருடைய ரிப்போர்ட் பெயரோடு, யார் வேண்டுமானாலும் இன்டர்நெட்டில் எடுத்துப் பார்க்கும்படி, தெருவில் கிடந்தது.

மூன்றாம் நாள் ஒரு பெண் வந்தாள். அவளுடைய ரிப்போர்ட் அவள் வேலை செய்யும் கடையில் ஒவ்வொரு போனாகச் சுற்றியதாம். ரிசப்ஷனில் நின்று அழுதாள். "என் உடம்புக்கு என்னன்னு என் புருஷனுக்கே இன்னும் நான் சொல்லலியே" என்றாள். அவளுக்கு நான்தான் தண்ணீர் கொடுத்தேன். கோபம் ஆகாது என்றுதான் தினமும் கும்பிடுகிறேன். அன்றைக்கு என்னால் முடியவில்லை.

லீவிலிருந்து வந்த பூட்டம்மா நாற்காலியில்கூட உட்காராமல், ஃபோல்டர் ஃபோல்டராக எல்லாவற்றையும் மூடினார். சாயங்காலம் விசாரணை. பெரிய டாக்டர் நடுவில். நான் தண்ணீர் வைக்கப் போனவள், வெளியே வர மனமில்லாமல் சுவரோரம் நின்றுவிட்டேன்.

மேனேஜர் நோட்டைப் பிரித்தார். "இவங்க கவனக்குறைவு புதுசு இல்ல டாக்டர். இவங்க கையெழுத்துலயே இருக்கு, பாருங்க. போன வருஷம் சைட்டே நின்னுபோச்சு. ‘என் கவனக்குறைவு’."

பூட்டம்மா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பினால் என்னைக் காட்டிக்கொடுத்த மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

கடவுளே என்று முன்னால் போனேன். "டாக்டரய்யா, அந்த ஒயரைப் பிடுங்கினது நான். இவங்க என்னைக் காப்பாத்த அப்படி எழுதினாங்க. அந்த பாஸ்வேர்டு உறை இவர் ரூம் குப்பையில கிழிஞ்சு கிடந்துச்சு. நான்தான் கொட்டினேன்."

"நீ போய் உன் வேலையைப் பாரும்மா" என்றார் மேனேஜர். முகம் மட்டும் வெளுத்துவிட்டது.

பெரிய டாக்டருக்குப் புரிந்துவிட்டது. புரிந்து என்ன செய்ய? மேனேஜர் அவருக்கு மைத்துனர். தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு கடிதத்தை நகர்த்தினார். அந்த நானூறு பேருக்கும் போகவேண்டிய கடிதம். ‘எங்கள் கம்ப்யூட்டர் ஊழியரின் தவறு’ என்று இருந்தது. "இதுல கையெழுத்து போட்டுடும்மா. உன் வேலைக்கு ஒண்ணும் ஆகாது, நான் பாத்துக்கறேன்."

பூட்டம்மா இரண்டு தடவை படித்தார். "டாக்டர், அந்தப் பொண்ணு வீட்டுக்கும் இதுதானே போகும்? யார் திறந்தாங்கன்னு தெரிஞ்சுக்கிற உரிமை அவங்களுக்கு இருக்கு. உள்ளதை எழுதுங்க, முதல் கையெழுத்து நான் போடறேன். இதுல மாட்டேன்."

ஆறு வருஷ வேலை அந்த ஒரு பேச்சோடு போயிற்று. மேனேஜர் இன்றைக்கும் அதே அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார். வெளியே போய்ப் பேசிவிடுவேன் என்று பயந்தார்கள் போல, என்னை அனுப்பவில்லை; அந்தக் கூடையை நான்தான் கொட்டுகிறேன். மேலே ஒருவன் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பதால்தான் தினமும் அந்த அறைக்குள் கால் வைக்க முடிகிறது.

மறுநாள் பூட்டம்மா சாமான்களை எடுக்க வந்தார். ஒரு தண்ணீர் பாட்டில், அப்பாவுக்கு வாங்கிய கண் சொட்டு மருந்து, அந்த நோட்டு. லிஃப்ட் வரை நான் பையைத் தூக்கிப் போனேன். "என்னாலதானே மேடம்" என்று ஆரம்பித்தேன்.

"உங்களால ஒண்ணும் இல்லக்கா. நேத்து அந்த ரூம்ல வாயைத் திறந்தது நீங்க ஒருத்தர்தான்." லிஃப்டுக்குள் போய்த் திரும்பி நின்றார். "இந்த நோட்டு முழுக்கத் தேடினாலும் ஒரே ஒரு பொய்தான் இருக்கு. இனிமே அந்த ஒயரைப் பாத்துத் துடைங்க. எழுத நான் இருக்க மாட்டேன்."