என் மகளிடம் கேட்க வேண்டியிருந்த மன்னிப்பு

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் மூன்று வருடம் விழுந்து கிடந்தவள் நான். உங்களில் சிலர் அங்கே என்னைத் தாண்டிப் போயிருப்பீர்கள். அழுக்குப் புடவை, சிக்குப் பிடித்த தலை, தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கும் வாய். அவள்தான் இன்று சபை நடுவே நிற்கிறாள்.

என் பெயர் எஸ்தர். விக்கிரவாண்டிப் பக்கம் குடியிருந்தோம். கணவர் லாரியில் மூட்டை ஏற்றுகிறவர். ஒரு ஐப்பசி மழையில் ரோட்டைக் கடக்கும்போது வண்டி மோதி இறந்துபோனார். அந்த மாதம் முடிவதற்குள் அவருடைய அண்ணன் எங்களை வெளியே அனுப்பி வீட்டைப் பூட்டிவிட்டார். என் மகள் கிருபாவுக்கு அப்போது பத்து வயது. அவளைத் தங்கையிடம் விட்டேன். "வேல கெடச்சதும் வந்து இட்டுக்கினு போறேன்" என்றேன். போகவில்லை. வேலை தேடி அலைந்ததில் புத்தி கலங்கிவிட்டது. அந்த நாட்களில் பாதி எனக்கு ஞாபகமே இல்லை.

திண்டிவனத்துக் காப்பகம் ஒன்றிலிருந்து வந்தவர்கள் ஒரு நாள் என்னை வண்டியில் ஏற்றிப் போனார்கள். மருந்து கொடுத்தார்கள். புத்தி தெளிந்தது. தெளிந்த பிறகுதான் பெரிய வேதனை. பெற்ற பிள்ளையை விட்டுவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. தங்கை எங்கோ செங்கல் சூளைக்குப் போய்விட்டாளாம். தகவல் இல்லை. சோறு இறங்கவில்லை. "ஆண்டவரே, எதுக்கு எனக்குப் புத்தியத் திருப்பிக் குடுத்தீங்க?" என்று அழுதேன். பிறகு தினமும் ஒரே ஜெபம்தான். அவளை ஒரு முறை காட்டும், மன்னிப்புக் கேட்டுவிட்டுச் செத்துப்போகிறேன்.

சனிக்கிழமைகளில் ஒரு கம்பெனி ஊழியர்கள் காப்பகத்துக்கு வருவார்கள். சுவருக்குப் பெயின்ட் அடிப்பார்கள், போட்டோ எடுப்பார்கள், கிளம்பிவிடுவார்கள். அவர்களில் கவிதா மேடம் மட்டும் விடாமல் வந்தார்கள். கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்தார்கள். ஆதார் வாங்க அலைந்தார்கள். ஹோட்டலில் காய் நறுக்கும் வேலை பிடித்துக் கொடுத்தார்கள். ஒரு நாள் கேட்டார்கள்.

"அக்கா, உங்க பொண்ணு எந்த ஸ்கூல்ல படிச்சா?"

"பேரு ஞாபகம் வரல மேடம். வாசல்ல ரெண்டு புளியமரம் இருக்கும்."

அதை வைத்துக்கொண்டே லீவு போட்டு ஊர் ஊராகத் தேடினார்கள். மூன்றாம் நாள் போன் வந்தது. சூளைக்குப் போகுமுன் தங்கை அவளை ஹாஸ்டலில் சேர்த்துவிட்டிருக்கிறாள். கிருபா விழுப்புரத்திலேயே பத்தாவது படிக்கிறாள்!

மறுநாளே இருவரும் போனோம். என்னைவிட உயரமாக, யூனிபாரத்தில் வந்து நின்றாள். நான் தரையில் விழுந்தேன்.

"அம்மாவ மன்னிச்சிடு கண்ணு."

அவள் என்னைத் தூக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"நான்தான்மா கேக்கணும். எட்டாவது படிக்கறப்போ பஸ் ஸ்டாண்டுல உன்னப் பாத்தேன். பிரண்ட்ஸ்ங்க இருந்தாங்க. 'யாருடி அது, உன்னயே பாக்குது'ன்னு கேட்டாங்க. தெரியாதுன்னு சொல்லிட்டேன். மறுநாள் ஓடியாந்தேன், நீ இல்ல. செத்துட்டன்னு நெனச்சேன்மா."

நான் அவளைப் பார்த்தேனாம். பெற்ற பிள்ளை என்று எனக்குத் தெரியவில்லை. மறுநாள் அவள் வருவதற்குள் காப்பகத்துக்கு என்னைக் கொண்டுபோயிருக்கிறார்கள். இரண்டு வருடம் அந்தப் பிள்ளை அதை யாரிடமும் சொல்லாமல் சுமந்திருக்கிறாள். என் பாரத்தை மட்டும்தான் நான் ஜெபத்தில் சொன்னேன். அவள் பாரம் எனக்குத் தெரியாது. ஆண்டவருக்குத் தெரிந்திருந்தது.

இப்போது திண்டிவனத்தில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருக்கிறேன். லீவுக்குக் கிருபா வருகிறாள். போன வருடங்கள் போனதுதான். அவள் பெரியவளானபோது நான் பக்கத்தில் இல்லை. இன்றும் நான் கடைக்குக் கிளம்பினால், "எத்தன மணிக்கு வருவ?" என்று இரண்டு தடவை கேட்கிறாள். அதைக் கேட்கும்போதெல்லாம் அழுகை வருகிறது. ஆனாலும் கேட்க ஒரு பிள்ளை இருக்கிறாள். ஸ்தோத்திரம்.

கவிதா மேடம் வேறு சாமி கும்பிடுகிறவர்கள். நன்றி சொன்னபோது, "உங்க ஜெபத்துல என்னயும் சேத்துக்கங்க அக்கா" என்றார்கள். தினமும் சேர்க்கிறேன்.

இங்கே யாராவது ஒருவரை விட்டுவிட்டு வந்திருந்தால், எழுந்து தேடப் போங்கள். முகத்தைக் காட்ட வெட்கமாக இருந்தால் முதலில் ஆண்டவரிடம் சொல்லுங்கள். புத்தி கெட்டுக் கிடந்தவள் பிள்ளையையே அவர் கைவிடவில்லை.