திருஷ்டி பொம்மைக்கு இன்சூரன்ஸ்

எங்கள் சித்தப்பாவுக்குப் பேச்சை நிறுத்தத் தெரியாது. அந்த வாயை நம்பித்தான் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் ஆனார். தேனியில் ஆபீஸ், புது பைக், தேய்த்து மடிப்புக் கலையாத சட்டை எல்லாம் தயார். பாலிசி எடுக்கத்தான் ஓர் ஈ காக்கை வரவில்லை. கடைசியில் அகப்பட்டவர் சொந்த அண்ணன், அதாவது என் அப்பா.

அப்பா பழைய வீடுகளைப் பிரித்துப் புதுசாக்கித் தருகிற காண்ட்ராக்டர். அதுவரை இன்னொரு காண்ட்ராக்டரிடம் இருந்துவிட்டு, முதல் தடவையாகச் சொந்தமாக ஒரு வேலை பிடித்திருந்தார். கடமலைக்குண்டில் ஓர் இலவம்பஞ்சு வியாபாரியின் வீடு. ஓடுகளைப் பிரித்து, சுவரை உயர்த்தி, தளம் போட்டுத் தர வேண்டும். கூரை போன வீட்டுக்குள் பஞ்சு மூட்டைகள் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கிடந்தன. ஐப்பசி மழைக்குள் தளம் போடாவிட்டால் பஞ்சும் போகும், அப்பாவின் பேரும் போகும். எனக்குக் காலாண்டு விடுமுறை. அம்மா என்னை வீட்டில் வைத்து மேய்க்க முடியாது என்று அப்பாவோடு அனுப்பிவிட்டாள்.

வேலையாட்களுக்காக அப்பா எடுத்த பாலிசி கைக்கு வந்த அன்று சித்தப்பா வேலை நடக்கிற இடத்துக்கே வந்து, எல்லோரையும் நிற்க வைத்து ஒரு சொற்பொழிவு ஆற்றினார். சாரத்திலிருந்து விழுந்து கை போனால் என்ன கிடைக்கும், கால் போனால் என்ன, உயிரே போனால் வீட்டுக்கு எவ்வளவு வரும் என்று உறுப்பு உறுப்பாக எடுத்துச் சொன்னார். நல்ல சேதி சொல்கிற பூரிப்பு அவர் முகத்தில் வழிந்தது. கொத்தனார்களின் முகம்தான் சுண்டிப் போனது. மறுநாள் ஒருவரும் சாரத்தில் ஏறவில்லை.

“நாங்க பாட்டுக்கு ஏறி எறங்கிக்கிட்டு இருந்தோம். இப்ப நாங்க விழுவோம்னு காசு கட்டி வச்சிருக்கீக. இனிமே எப்படிண்ணே மேல காலு வைக்க?” என்றார் மூத்த கொத்தனார்.

அப்பா கெஞ்சினார், கோபித்துக்கொண்டார், டீ வாங்கிக் கொடுத்தார். டீயைக் குடித்துவிட்டு மணல் குவியலில் உட்கார்ந்துகொண்டார்கள். வருசநாட்டு மலைப் பக்கம் மேகம் கறுத்துக்கொண்டு வந்தது. அப்பா அதைப் பார்க்கிறார், மூட்டைகளைப் பார்க்கிறார். எனக்கு அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது.

அப்போது வழி சொன்னது ஒரு பெண். கலவைச் சட்டி சுமக்கும் சித்தாள்களில் மூத்தவர். எல்லோருக்கும் அவர் அக்கா. வெற்றிலையை ஓரம் ஒதுக்கிக்கொண்டு சாரத்தின் உச்சியைக் காட்டினார். அங்கே திருஷ்டி பொம்மை தொங்கியது. அப்பாவின் கிழிந்த சட்டை, மீசை வரைந்த மண்சட்டித் தலை, வைக்கோலுக்குப் பதிலாக வயிறு நிறைய இலவம்பஞ்சு.

“அங்கன ஒருத்தரு சும்மாதான தொங்குறாரு. அவரத் தள்ளி விடுங்க. விழ வேண்டியது விழுந்துட்டாப் போச்சு. ஒங்க தம்பியையும் வரச் சொல்லுங்கண்ணே. விழுந்தவருக்கு என்ன தர்றாகன்னு பாப்போம்.”

மறுநாள் காலை தெருவே கூடிவிட்டது. சித்தப்பா தேனியிலிருந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். தேங்காய் உடைத்தார்கள். ஒரு கொத்தனார் கம்பால் நெம்ப, பொம்மை தலைகீழாக வந்து விழுந்தது. தலை சுக்குநூறானது. வயிறு வெடித்து, பஞ்சு கிளம்பிற்று பாருங்கள், தெரு முழுக்க வெள்ளை. ஆள் ஆளுக்குத் தும்மினார்கள். ஒரு நாய் பயந்து ஓடிற்று. நான் குதித்த குதியில் செருப்பு அறுந்து போனது.

அக்கா ஓடி வந்து பொம்மையை மடியில் போட்டுக்கொண்டு மாரில் அடித்துக்கொண்டார். “ஒரு செங்கல்லு கூடத் தூக்கத் தெரியாத மனுசன உச்சியில ஏத்தி விட்டுட்டாகளே” என்று ராகம் போட, கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பிறகு சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டுச் சித்தப்பாவை ஏறிட்டுப் பார்த்தார்.

“எம் புருசன ஆஸ்பத்திரிக்கு யாரு தூக்கிட்டுப் போவாக?”

“அண்ணன்தான் கொண்டு போவாரு. செலவு கம்பெனி தரும்.”

“அவரு படுத்துக் கெடக்கையில வீட்டுல ஒலை வைக்க?”

“அதுக்கும் தருவாக. நான் அலைஞ்சு வாங்கித் தாறேன்.”

“சத்தமாச் சொல்லுங்க தம்பி. பின்னால நிக்கிறவுகளுக்குக் கேக்கல.”

நிறுத்தாமல் பேசுகிற சித்தப்பா கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னதை என் வாழ்நாளில் அப்போதுதான் பார்த்தேன். சத்தமாகவே சொன்னார்.

அக்கா பொம்மையைக் கீழே கிடத்திவிட்டு எழுந்தார். தலைமுடியெல்லாம் பஞ்சு. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, “சரி, இவரு எந்திரிச்சுப் போயிட்டாரு. இப்ப சட்டியோட நான் விழுந்துட்டேன். எனக்கு?” என்றார்.

அன்றைய கூத்திலேயே இதுதான் உச்சம் என்று நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். “சித்தாளுக இன்னைக்கு வருவாக, நாளைக்கு வேற எடத்துக்குப் போவாக. அதான் கொத்தனாருக பேரு மட்டும் கொடுத்தேன்” என்றார் அப்பா, கீழே பார்த்துக்கொண்டு. மற்ற சித்தாள்கள் அக்காவின் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார்கள்.

“ஒங்க பேரையும் சேக்கச் சொல்றேன்” என்றார் அப்பா.

“பின்னால கேக்கலண்ணே.”

அப்பா தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னார். அக்கா சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்தார். கொத்தனார்கள் ஏறினார்கள். மழைக்கு முன்னால் தளம் போட்டு முடித்தார்கள். அன்று எல்லோருக்கும் பிரியாணி.

பொம்மை விழுந்த அன்று சாயங்காலமே அம்மாவுக்கு முழுக் கூத்தையும் நடித்துக் காட்டினேன். தலையணையை மடியில் போட்டு அழுதேன், சித்தப்பா மாதிரி விழித்தேன். கடைசியில் இடுப்பில் கை வைத்து, “நான் விழுந்துட்டேன். எனக்கு?” என்று கேட்டுவிட்டு அம்மா சிரிப்பதற்காகக் காத்திருந்தேன். அம்மா சிரிக்கவில்லை. காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு, “அதுக்கு அப்பா என்ன சொன்னாக?” என்றாள்.

“சேக்கச் சொல்றேன்னு தெருவுக்கே கேக்குற மாதிரி சொன்னாக.”

அதற்குப் போய் அம்மா அப்படிச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வர. சிரிக்க வேண்டிய இடத்தையெல்லாம் விட்டுவிட்டு, கதையில் ஒன்றுமே இல்லாத இடத்தில் சிரிக்கிறாளே என்று எனக்கு ஒரே எரிச்சல்.