கழுத்துக்குக் கீழே

அண்ணன் இறந்த ஆறாவது மாதம் அவன் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. கல்லூரியில் பட்டமளிப்பு விழா. காலை ஒன்பது மணிக்குள் வந்து கறுப்பு அங்கியைப் பெற்றுக்கொள்ள வேண்டும், தாமதமாக வருபவர்கள் மேடையேற முடியாது என்று எச்சரித்திருந்தார்கள். அண்ணன் எங்கேயும் நேரத்துக்குப் போனவன் இல்லை என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது பதினோரு வயது.

அவன் கடைசிப் பரீட்சையை எழுதி மூன்று வாரம்கூட ஆகவில்லை. சூளகிரிக்குப் பக்கத்தில், கிரானைட் கல் ஏற்றிய லாரியின் பின்னால் பைக்கோடு மோதிவிட்டான். ரிசல்ட் அதற்குப் பிறகுதான் வந்தது. முதல் வகுப்பு. அந்தச் செய்தியை அப்பா தன்னுடைய கம்பெனியில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஸ்வீட் கேட்பார்களா, துக்கம் விசாரிப்பார்களா என்று அவருக்கே குழப்பம்.

அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக ஓசூர் வந்தவர். அண்ணனுக்கு இன்ஜினியரிங் சீட் கிடைத்த அன்றே எங்கள் வாடகை வீட்டின் முன்னறைச் சுவரில் ஓர் ஆணி அடித்தார். வீட்டுக்காரர் சத்தம் போட்டும் கேட்கவில்லை. நாலு வருடம் கழித்து மகன் மேடையில் பட்டம் வாங்கும் போட்டோவைத் தன் கையால் எடுத்து அந்த ஆணியில் மாட்டுவதாகத் திட்டம். நாலு வருடமும் ஆணி வெறும் ஆணியாகவே இருந்தது. அண்ணன் போன பிறகு, அவனுடைய சின்னப் படத்தைப் பெரிதாக்கி மாலை போட்டு மாட்டலாம் என்று அப்பா சொன்னபோது அம்மா விடவில்லை. அந்த ஆணியில் பட்டம் வாங்கின படம்தான் மாட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அதற்கு மேல் யார் என்ன சொல்ல முடியும்?

அதனால் கடிதம் வந்ததும் அம்மா கிளம்பத் தயாராகிவிட்டாள்.

“புள்ளையக் கூப்பிட்டிருக்காக. நாம போகாட்டி நல்லாவா இருக்கும்?”

“யாரயடி கூப்பிட்டிருக்காக?” என்றார் அப்பா.

“பேரு போட்டிருக்குல்ல.”

அப்பா ஷிப்டு மாற்றிக்கொண்டு, கூட வேலை செய்பவரிடம் கேமராவும் இரவல் வாங்கி வந்தார்.

எனக்குப் போக விருப்பமில்லை. காரணம் என் விரல்கள். ஒரு வாரத்துக்கு முன் ரம்ஜானுக்காகப் பக்கத்துப் பாய் வீட்டு அக்கா மருதாணி அரைத்திருந்தாள். பத்து விரலுக்கும் தொப்பி போட்டுவிட்டாள். துக்க வீட்டில் ஒரு வருடம் பொங்கலும் கிடையாது, தீபாவளியும் கிடையாது. மருதாணிக்கு எங்கே போவது? ஆனால் அந்த வாசனையில் எனக்கு எல்லாம் மறந்துபோயிற்று. அது நன்றாகவும் பிடித்துத் தொலைத்தது. அன்றிலிருந்து வீட்டில் கையை மூடியே வைத்திருந்தேன். சோறு பரிமாறினால் ஸ்பூன் கேட்டேன். அம்மா கவனிக்கவில்லை. அந்த நாட்களில் அம்மா எதையுமே கவனிக்கவில்லை என்பதுதான் உண்மை.

கல்லூரி கிருஷ்ணகிரியைத் தாண்டி, பாறைக் குன்றுகளுக்கு நடுவே இருந்தது. வாசலில் மேசை போட்டு அங்கி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா கடிதத்தை நீட்டினாள். மேசைக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எண்ணைச் சரிபார்த்து, மடித்த அங்கி ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

“சீக்கிரம் போட்டுக்கிட்டு வரச் சொல்லும்மா. லைன் நிக்கறாங்க.”

“சரிப்பா, சொல்றேன்” என்றாள் அம்மா.

அவள் அதை எவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள் என்றால், நான் திரும்பிப் பின்னால் பார்த்தேன்.

அரங்கில் நாங்கள் பெற்றோர்களின் வரிசையில் உட்கார்ந்தோம். அங்கி அம்மாவின் மடியில் இருந்தது. முன்னால் மாணவர்களின் நாற்காலிகளில் எண் ஒட்டியிருந்தது. ஒரே ஒரு நாற்காலி காலி. அதன் இரண்டு பக்கத்திலும் இருந்த பையன்கள், குளிர்ந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மாதிரி கொஞ்சம் விலகி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மேடையில் இருந்தவர்களுக்குத்தான் தெரியவில்லை.

அண்ணன் பெயரை வாசித்தார்கள்.

யாரும் மேடையேறவில்லை. சிறப்பு விருந்தினர் சான்றிதழை நீட்டிக்கொண்டு, முகத்தில் சிரிப்போடு நின்றார். வரிசையில் அடுத்து நின்ற பையன் போகவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் ஓரடி வைத்துப் பின்வாங்கினான். இரண்டாவது முறையும் பெயரை வாசித்தார்கள். இந்தத் தடவை மைக்கில் இன்னும் தெளிவாக, இனிஷியலோடு. எங்கள் வரிசையில் அம்மா பாதி எழுந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிட்டும் பிள்ளை பேசாமல் நின்றால் தாய் எழுந்து “இருக்கான் சார்” என்று சொல்ல வாயெடுப்பாளே, அப்படி. அதே நேரம் அப்பா நடைபாதைக்கு ஓடிப்போய்க் கேமராவைத் தூக்கி, யாரும் இல்லாத அந்த இடத்தைப் பார்த்து அமுக்கினார். பளிச்சென்று வெளிச்சம் விழுந்தது. விருந்தினர் வெளிச்சத்துக்குச் சிரித்தார்.

அந்தப் படம் இன்றும் இருக்கிறது. மேடை, மாலை போட்ட மேசை, ஒரு பெரியவர் நீட்டிய கை. அந்தக் கைக்கு எதிரே ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள்: “படத்துல விழுந்திருக்குமா?”

மைதானத்தில் புங்க மரத்தடியில் ஒரு போட்டோக்காரர் கடை போட்டிருந்தார். புத்தக அலமாரி வரைந்த திரை, அதற்கு முன் ஒரு நாற்காலி, ரிப்பன் கட்டிய வெற்றுக் காகிதச் சுருள். அப்பா அவரிடம் அண்ணனின் ஹால் டிக்கெட் படத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னார். அவர் நல்ல மனிதர். இரண்டு நிமிடம் தலைகுனிந்து நின்றார். பிறகு தொழில் வந்துவிட்டது.

“கம்ப்யூட்டர்ல பண்ணிக்கலாம் சார். மூஞ்சி இருக்குது. கவுனோட ஒரு பாடி மட்டும் வேணும்.”

அப்பா தானே உட்காருவதாகச் சொன்னார். தொப்பை ஆகாது என்றார் அவர். அங்கியோடு போய்க்கொண்டிருந்த ஒரு மாணவனைக் கூப்பிடக் கையைத் தூக்கினார். அம்மா அந்தக் கையை மறித்தாள்.

“வேற வீட்டுப் புள்ள ஒடம்புல எம்புள்ள தலைய வைக்காதீக. எங்க ரத்தமா இருக்கட்டும்.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது; எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அண்ணன் போன நாளிலிருந்து என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. அங்கியை என் மேல் போட்டார்கள். தோளுக்கு அப்பாவின் துண்டையும் அம்மாவின் சால்வையையும் மடித்து வைத்தார்கள். முதுகுப் பக்கம் துணி கிளிப் போட்டு இழுத்துக் கட்டினார்கள். நாற்காலியில் இரண்டு செங்கல்லை வைத்து அதன் மேல் என்னை உட்கார வைத்தார்கள். குனிந்து பார்த்தேன். அகன்ற தோள், நெஞ்சு எல்லாம் இருந்தது. அதில் என்னுடையது எதுவும் இருந்த மாதிரி தெரியவில்லை.

“கையை ஏம்மா மூடி வச்சிருக்கே? சுருளை ரெண்டு கையாலயும் புடி. விரல் தெரியட்டும்.”

நான் அம்மாவைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் விரித்தேன். பத்தும் சிவப்பு. அம்மா பார்த்தாள். அடி விழும் என்று தோளைக் குறுக்கினேன். துண்டு வைத்த தோள் குறுகவில்லை. அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போட்டோக்காரர் அமுக்கினார்.

பத்து நாள் கழித்து அப்பா போய்ப் படத்தை வாங்கி வந்தார். சட்டம் போட்ட பெரிய படம். அண்ணன் பட்டம் வாங்கி உட்கார்ந்திருந்தான். முகத்தில் வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழுந்தது. அங்கியில் வலது பக்கத்திலிருந்து. அவன் சிரிக்கவில்லை, ஹால் டிக்கெட்டுக்கு யார் சிரிப்பார்கள்? கீழே, காகிதச் சுருளைப் பிடித்துக்கொண்டு என் இரண்டு கைகள். சிவப்பு விரல்கள்.

“ஏம்ப்பா, என் தலை எங்க?” என்று கேட்டேன்.

“அத அழிச்சிருப்பாக.”

அப்பா சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

ஆணியில் படம் ஏறியது. பொட்டு வைத்தார்கள், மாலை போட்டார்கள். மாலை சட்டத்தின் மேலிருந்து இறங்கி, அண்ணன் முகத்தைச் சுற்றி, என் நெஞ்சில் வந்து கிடந்தது. அதன் நுனி என் விரல்களைத் தொட்டது.

நாலேகால் மணிக்குப் பள்ளி விட்டு வந்து பூட்டைத் திறந்தால் முதலில் தெரிவது அதுதான். அப்பாவுக்கு இரண்டாவது ஷிப்டு, அம்மா தையல் கம்பெனியிலிருந்து ஆறு மணிக்கு வருவாள். அந்த ஒன்றே முக்கால் மணி நேரமும் வீட்டில் நானும் படமும்தான். வெயில் ஜன்னல் வழியாக வந்து கண்ணாடியில் ஏறும்போது முகம் மறைந்துவிடும். கை மட்டும் தெரியும். வீட்டுப்பாடம் எழுதும்போது என் கையைப் பார்ப்பேன். சுவரில் இருக்கிற கையைப் பார்ப்பேன். என் நகத்தில் சிவப்பு வளர்ந்து வளர்ந்து மேலே போய், வெட்ட வெட்டப் போய்விட்டது. சுவரில் போகவில்லை. அப்படியென்றால் எது நிஜக் கை? அந்த வருடம் என் எடை இரண்டு கிலோ குறைந்தது என்று பள்ளிக்கூட டாக்டர் எழுதிக் கொடுத்தார். எனக்குக் காரணம் தெரியும்: அண்ணன் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்கிறான். முன்பும் என் பென்சில், ரப்பர் எல்லாம் கேட்காமல் எடுத்தவன்தானே.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் படத்தைக் கழற்றுவார்கள். கழற்றினால் அம்மா என்ன ஆவாள் என்று பயம். அந்தப் படம் வந்த பிறகுதான் அவள் தலை பின்ன ஆரம்பித்திருந்தாள்.

முதல் வருட நினைவு நாளுக்கு ஊரிலிருந்து அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, வந்தாள். அப்பா கெலமங்கலம் ரோட்டுத் தோட்டத்தில் சொல்லிவைத்து, ஆள் உயர ரோஜா மாலை வாங்கி வந்து படத்துக்குப் போட்டிருந்தார். அத்தை படத்துக்கு முன் உட்கார்ந்து முறைப்படி அழுதாள். அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு நன்றாகப் பார்த்தாள்.

“ஏளா, பயலுக்கு எதுக்கு மருதாணி?”

“அது என் கை அத்தை” என்றேன்.

அத்தை என் கையைப் பிடித்து இழுத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். பிறகு தலையில் அடித்துக்கொண்டாள்.

“உசுரோட இருக்க புள்ளைக்கா மாலை போட்டு வச்சிருக்கீக? பொட்டப்புள்ள எலும்பும் தோலுமா கெடக்கு, ஒருத்தருக்கும் கண்ணு தெரியலயா? கழத்துடா அத!”

அப்பா படத்தை எட்டினார். கையை மட்டும் கம்ப்யூட்டரில் மாற்றித் தரச் சொல்லலாம் என்று முணுமுணுத்தார்.

“கழத்தக் கூடாது” என்றாள் அம்மா.

“அப்ப உனக்கு எந்தப் புள்ள வேணும்?” என்று அத்தை கேட்டாள். அந்தக் கேள்வியைக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டாள்.

அம்மா திரும்பினாள். என்னைப் பார்த்தாள். கல்லூரி மைதானத்தில் பார்த்த மாதிரி இல்லை. தலையிலிருந்து கால் வரை, எதையோ எண்ணிச் சரிபார்ப்பது போல. பிறகு நாற்காலி போட்டு ஏறி, ரோஜா மாலையைக் கழற்றி எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கே தரையில் உட்கார்ந்து மாலையைப் பிரித்துப் போட்டாள். நூலைச் சாணால் அளந்து வெட்டி, மறுபடி கட்டினாள். கொண்டுவந்து போட்டபோது மாலை அண்ணன் முகத்தைச் சுற்றி, தாடையோடு நின்றுவிட்டது. ஈரத்துணியால் கண்ணாடியின் கீழ்ப்பாதியை அழுத்தி அழுத்தித் துடைத்தாள். படம் ஆணியிலேயே இருந்தது.

அத்தைக்கு அதில் திருப்தியா இல்லையா தெரியாது. சாப்பிட்டுவிட்டு ராத்திரி பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மாலை அந்த அளவுதான். எந்த நினைவு நாளிலும் ஒரு பூ கூடியதில்லை.

போன வருடம் அம்மா காலில் மாவுக்கட்டோடு படுத்திருந்தாள். அண்ணனுக்கு நான் மாலை கட்டினேன். எனக்கும் இப்போது ஒரு பெண் இருக்கிறாள். அவளுக்குப் பேச்சுக் கொடுத்துக்கொண்டே கட்டியதில் கொஞ்சம் நீண்டுவிட்டது. கட்டிலிலிருந்து அம்மா ஒரு சத்தம் போட்டாள். அவளுக்கு அவ்வளவு குரல் இருக்கிறது என்பதே மறந்துபோயிருந்தது.

“கழுத்துக்குக் கீழ எறங்கக் கூடாது! பூவ உதிர்த்துட்டுப் போடு. கீழ இருக்கது நீயில்லயாடி?”

இருபது வருடத்துக்கு மேல், நாள் தவறாமல், அவள் அந்த எல்லையைக் காத்து வந்திருக்கிறாள். ஆனால் அந்த முதல் நினைவு நாளில் சமையலறை வாசலில் நின்று அவள் நூலை வெட்டுவதைப் பார்த்த எனக்கு வேறு மாதிரிதான் தெரிந்தது. அம்மாவுக்கு அண்ணன் மேல் பாசம் ஒரு சாண் குறைந்துவிட்டது என்று நினைத்தேன். பாவம் அவன் என்று எனக்கு அழுகை வந்தது. அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.