பிரஷ் உருளையில் சுற்றிய முடி

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் தென்காசிக்கு வந்து என் வலது கையைப் பார்த்துவிட்டுப் பேசட்டும். மூன்று விரல்தான் இருக்கும். என் பெயர் மசூது. எலக்ட்ரிக் சாமான் ரிப்பேர் பார்ப்பவன். அந்தக் கையை நம்பித்தான் என் வீட்டில் உலை கொதித்தது.

1962 ஜூலை 14. குற்றாலத்தில் சீசன். ஐந்தருவி ரோட்டுப் பங்களா ஒன்றில், வெள்ளைக்காரன் விட்டுப்போன வாக்குவம் கிளீனர் இருந்தது. கம்பளத்தின் மேல் தள்ளினால் தூசியை உறிஞ்சும். மோட்டார் ஓடுகிறது, அடியில் இருக்கும் பிரஷ் உருளை மட்டும் சுற்றவில்லை என்று கூப்பிட்டார்கள்.

"ரெண்டு வருசமாத் தொடலை தம்பி. நாளைக்கு மொதலாளி வாராக" என்றார் காவல்காரர் முத்துராமலிங்கம்.

மத்தியானம் 2.10. சாரலில் வீடே இருண்டு கிடந்தது. கரண்டு விஷயத்தில் பெற்ற தாயையும் நம்ப மாட்டேன் நான். பிளக்கை உருவினேன். பியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டேன். மோதிரத்தைக் கழற்றத்தான் மறந்து தொலைத்தேன். கல்யாணத்துக்குப் போட்ட வெள்ளி மோதிரம். உள்பக்கம் என் மனைவி அலிமாவின் பெயர் வெட்டியிருக்கும்.

மெஷினைக் கவிழ்த்தேன். ரப்பர் பெல்ட் அறுந்திருந்தது. சைக்கிள் டியூபை வளையமாக நறுக்கி மாட்டினேன். அப்போதும் உருளை அசையவில்லை. முடி... நீள முடி இறுகச் சுற்றியிருந்தது. தொட்டால் ஈரம்.

"அண்ணாச்சி, இங்கன பொம்பளை யாரு இருக்கா?"

"ஒருத்தரும் இல்லியே. மொதலாளியம்மா கோவிச்சுக்கிட்டுப் போயி ரெண்டு வருசம் ஆவுது."

2.25. கத்தியால் அறுத்தேன். அறுக்க அறுக்க வந்தது. கத்தி சிவந்தது. என் கையில் வெட்டு இல்லை.

முடிதான் ரத்தம் விட்டது.

கிர்ர்ர்...

பிளக் தரையில் கிடக்கிறது. பியூஸ் என் பையில் இருக்கிறது. உருளை சுற்றுகிறது!

முடி என் விரல்களைச் சுற்றி இழுத்தது.

"ஏலே, கைய எடு!"

"வரமாட்டேங்குது அண்ணாச்சி!"

எலும்பு முறிந்தது. டக்... டக்...

அவர் கடப்பாரையால் மெஷினை அடித்து நொறுக்கினார்.

2.31. நின்றது.

மோதிர விரலும் சுண்டு விரலும் இல்லை. மெஷினின் தூசிப் பையைக் கிழித்துத் தேடினார். தூசிதான் இருந்தது. ஆஸ்பத்திரியில் வெட்கம் இல்லாமல் அழுதேன்.

நாற்பது நாள் கழித்து இன்ஸ்பெக்டர் வந்தார், கூடவே முத்துராமலிங்கமும். குழாய் பதிக்க அந்தப் பங்களாவின் குளியலறையைத் தோண்டினார்களாம். இரண்டு வருஷத்துக்கு முன் பூசிய சிமெண்டுத் தரை, ஒரு கீறல்கூட இல்லை. அடியில் முதலாளியம்மாவின் எலும்புக்கூடு. மண்டை பிளந்திருந்தது. தலையில் ஒரு முடிகூட இல்லை. வலது கை மட்டும் இறுக மூடியிருந்ததாம்.

"அதுக்குள்ள இது இருந்துச்சு" என்று இன்ஸ்பெக்டர் பொட்டலத்தைப் பிரித்தார். "உம்ம மோதிரம்னு காவல்காரர் சொல்லுதாரு. பாரும்."

பார்த்தேன். அலிமாவின் பெயரைப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை.

பொட்டலத்துக்குள் மோதிரம் இன்னும் என் அறுந்த விரலில்தான் இருந்தது.